வேப்பிலை முத்திரைக் கத்தி

அத்தியாயம் 9

மாலை நான்கு மணிக்கு முகம்மது மீரானின் பெயர் திருட்டுப் புகாரில் ஏறிவிடும். காலை பத்து மணிக்கு அதைப் பற்றிப் பால்வண்ணநாதனுக்குத் துளி வருத்தமும் இல்லை.

தென்காசி ரத வீதியில், ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய துப்பறியும் நிலையம். இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்துக் கூர்மையான கண் அவருக்கு. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு, காணாமல் போனவர்களைத் தேடுவது பாதி வேலை, பழம்பொருள்களைப் பார்த்து மதிப்புச் சொல்வது மீதி வேலை என்று ஆகிப்போனது. இரண்டாவதில்தான் அவருக்குப் பெருமை அதிகம்.

போனில் பேசியவர் விஜய்பாண்டி. குற்றாலத்தில் ஐந்தருவி சாலையில் தங்கும் விடுதி நடத்துகிறவர். நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகப் போவதாகவும், பால்வண்ணநாதன் கொடுத்த சர்ட்டிபிகேட்டைப் புகாரோடு இணைத்துவிட்டதாகவும், அதற்குள் போலிக் கத்தியை அடித்துக் கொடுத்தவன் யாரென்று தெரிந்தால் அவன் பெயரையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றும் சொன்னார்.

"கண்டுபிடிச்சிருவோம்" என்று சொல்லிப் போனை வைத்தார் பால்வண்ணநாதன்.

எதிர் மேஜையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்த சாஜிதா நிமிர்ந்து பார்த்தாள். பி.காம். படித்துவிட்டு மூன்று மாதம் இருந்து பார்ப்போம் என்று வந்து சேர்ந்தவள். நாலு வருஷமாகிவிட்டது. நிலையத்தின் கணினி, ஸ்கூட்டர், நாக்கு மூன்றும் அவள்தான்.

"ஊர்ல எல்லாரும் ஆளைப் பாத்துட்டு அவன் கையில கத்தி இருக்கான்னு தேடுவாவ. நீங்க கத்தியைப் பாத்துட்டு ஆளைத் தேடுதீய, அண்ணாச்சி."

"கத்தி பொய் சொல்லாது, சாஜிதா."

அந்தக் கத்தி அவர் மேஜை மேல் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. ஒரு சாண் நீளம், எருமைக் கொம்புப் பிடி, பித்தளை ஆணிகள். முதுகில் செதில் சுரண்ட அரம் போன்ற பற்கள். நுனியில், மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுக்க ஒரு சிறிய பிளவு. பிடிக்குப் பக்கத்தில் வேப்பிலை வடிவில் ஒரு முத்திரை. எண்பது வருஷத்துக்கு முன்னால் செங்கோட்டையில் குற்றாலிங்க ஆசாரி என்பவர், மலையோடைகளில் தூண்டில் போட வந்த எஸ்டேட் துரைமாருக்காகக் கையால் அடித்த கத்திகளில் ஒன்று. விஜய்பாண்டியின் அப்பா எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தவர். துரைமார் விட்டுவிட்டுப் போன ஏழு மீன்பிடிக் கத்திகளை அவர் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருந்தார். கொச்சியில் இப்படிப்பட்ட கத்திகளைச் சேகரிக்கும் ஒருவர் ஏழையும் கேட்டிருந்ததால் மதிப்புப் பார்க்கச் சொல்லி எட்டு நாளுக்கு முன்னால் பால்வண்ணநாதனை அழைத்தார் விஜய்பாண்டி.

ஆறு கத்திகளும் சரியாக இருந்தன. ஏழாவதை, வேப்பிலை முத்திரை உள்ள இதை, அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, அறையில் இருந்தவர்கள் கேட்கும்படி சற்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"இதுல என் முகம் தெரியுது. எண்பது வருஷக் கத்தியில முகம் தெரியக் கூடாது. இது நேத்து செஞ்ச போலி."

பழைய கத்தியின் மதிப்பு இரும்பில் இல்லை, காலம் அதன் மேல் பூசி வைத்த கருப்பில் இருக்கிறது என்று அவர் அங்கே ஒரு சிறிய சொற்பொழிவே ஆற்றினார். இந்தக் கத்தியில் அந்தக் கருப்பு இல்லை. பழைய தோலுறைக்குள் இது பொருந்தாமல் ஆடுகிறது. முத்திரைப் பள்ளத்தில் மட்டும் சிவப்பாகத் துரு இருக்கிறது, அது அமிலம் ஊற்றி வரவழைத்த துரு. மூன்று காரணங்களையும் எண் போட்டு எழுதிக் கையெழுத்திட்டார்.

பெட்டிச் சாவி ஆறு வருஷமாக இருந்தது மீரானிடம். வடகரைக்காரர், நாற்பத்து நாலு வயது. வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பி, விஜய்பாண்டி வீட்டையும் விடுதியையும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தோஹாவில் ஒரு பெரிய கிடங்கில் பொறுப்பாளர் வேலைக்கு விசா வந்திருந்தது. வெளிநாடு போகிறவன் போகிற போக்கில் மாற்றி வைத்துவிட்டான் என்று முடிவு கட்ட விஜய்பாண்டிக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பினார். போலீஸ் நன்னடத்தைச் சான்று இன்னும் வரவில்லை. இன்றைக்குப் புகார் பதிவாகிவிட்டால் அது வரப்போவதும் இல்லை. கிடங்குச் சாவியைத் திருடனிடம் யார் கொடுப்பார்கள்?

"போலி" என்ற சொல்லைக் கேட்டபோது அங்கே நின்றிருந்த மீரான் பால்வண்ணநாதனைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். 'குற்ற உணர்ச்சி தெரிந்தது' என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்திருந்தார் பால்வண்ணநாதன். அந்த வரி எழுதும்போது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"கிளம்பும்மா" என்றார். "இந்த மாதிரிப் பழைய கத்தியை அப்படியே அடிக்கத் தெரிஞ்ச ஆள் இந்தப் பக்கத்துல ஒருத்தர்தான். செங்கோட்டை சுடலைமாடன்."

*

சாஜிதாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவது பால்வண்ணநாதனுக்கு ஒரு தண்டனை. தூறல் வேறு. ஒவ்வொரு வளைவிலும் அவர் காலை ஊன்றி அழுத்த, பிரேக் என் கையில இருக்கு அண்ணாச்சி, உங்க செருப்புல இல்லை என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சுடலைமாடனின் பட்டறை புனலூர் போகும் சாலையில், தகரக் கூரையின் கீழ் அதிர்ந்துகொண்டிருந்தது. மின்சாரச் சம்மட்டி இரண்டு, ஆட்கள் ஆறு பேர். கேரளாவுக்கு ரப்பர் வெட்டும் கத்தி அனுப்பி மாளவில்லை. புனலூர் வியாபாரி ஒருவருடன் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் போனில் சண்டை போட்டுவிட்டு வந்தார் சுடலைமாடன். ஐம்பது வயது, தடித்த கண்ணாடி, கரி படிந்த டீ ஷர்ட்.

பால்வண்ணநாதன் கத்தியை நீட்டி, இன்சூரன்ஸ் காலத்துப் பழைய பொறியை வைத்தார்.

"இதை அடிக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

சுடலைமாடன் கத்தியை வாங்கினார். திருப்பினார். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். பிறகு சிரித்துவிட்டார்.

"எனக்கா? எனக்கு அம்பது வயசு, அண்ணாச்சி. இதுக்கு என்னையவிட முப்பது கூட இருக்கும்."

சம்மட்டிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தார் பால்வண்ணநாதன். சுடலைமாடன் கையைக் காட்டிச் சம்மட்டியை நிறுத்தச் சொன்னார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. இப்போது ஆறு பேரும் கேட்டார்கள்.

அவர் கத்தியை வெளிச்சத்தில் சாய்த்து, கூர் விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு ஒன்றைக் காட்டினார். அந்தக் காலத்தில் இரும்பைப் பிளந்து நடுவில் உருக்குத் தகடு ஒன்றைச் சொருகி அடிப்பார்கள். வெட்டுவது உருக்கு, தாங்குவது இரும்பு. தீட்டத் தீட்ட உருக்கு தேய்ந்துகொண்டே வரும். இதில் மிச்சம் இருப்பது ஒரு நகக்கண் அளவுதான்.

"இன்னும் நாலு தடவை தீட்டினா வெறும் இரும்பு. புதுசா அடிக்கிறவன் இம்புட்டு உருக்கை வச்சா அடிப்பான்? ஒரு விரல்கடை மிச்சம் இருக்குத பென்சிலை எந்தக் கம்பெனி செய்யுது?"

"உறையில ஆடுதே?" என்றார் பால்வண்ணநாதன்.

"உறை அன்னைக்கு அளவெடுத்தது. கத்தி தேஞ்சு போச்சு. எங்க மாமாவுக்குக் கல்யாணச் சட்டை இப்ப தொளதொளன்னு ஆடுது. அதுக்காவ மாமா போலியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சாஜிதா இல்லை. அவள் வழக்கமாகச் சிரிக்கிற இடம், ஆனால் அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ கருப்பு எங்க போச்சு?"

"யாரோ புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சிருக்காவ. நல்லா மனசு வச்சுத் தேச்சிருக்காவ. தேச்சதாலதான் இந்த உருக்குக் கோடே கண்ணுக்குத் தெரியுது. கருப்பு இருந்திருந்தா நானே தடுமாறியிருப்பேன்."

சர்ட்டிபிகேட்டில் எண் போட்டு எழுதிய முதல் காரணமும் இரண்டாவது காரணமும் அந்தப் பட்டறைத் தரையில் விழுந்து கிடந்தன. மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார் பால்வண்ணநாதன். முத்திரைக்குள் இருக்கும் அமிலத் துருவுக்கு என்ன பதில் என்று கேட்டார்.

சுடலைமாடன் பதில் சொல்வதற்கு முன், சாஜிதா தன் தலைத்துணியிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தாள். வேப்பிலைப் பள்ளத்தைக் கிளறி, சிவப்புத் தூளைத் தன் நனைந்த உள்ளங்கையில் தட்டினாள். அது பளிச்சென்று சிவந்து பரவியது. அவள் முகர்ந்து பார்த்தாள். கையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"துருவுல தாழம்பூ வாசனை வருமா, அண்ணாச்சி?"

வரும் வாசனை எது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. இருபத்தாறு வருஷமாகத் தினமும் காலையில் காபித் தம்ளரோடு அவர் பக்கத்தில் வரும் வாசனை. அவர் மனைவி சுகந்தி வைத்துக்கொள்ளும் தாழம்பூ குங்குமம். வீட்டில் அன்றாடம் மூக்கில் ஏறுவதை, ஒரு பெரிய வீட்டின் அறையில் நாலு பேர் பார்க்க, அமிலத் துரு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

புளி, சாம்பல், குங்குமம். அக்டோபர் மாதம். அரிவாளிலிருந்து தையல் மிஷின் வரை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைக்கிற நாள் எது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆயுத பூஜைக்கு யாரோ கத்தியைத் தேய்த்திருக்கிறார்கள். யாரும் எதையும் மாற்றவில்லை. திருட்டே நடக்கவில்லை.

மணி ஒன்று.

*

விஜய்பாண்டிக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்றாள் சாஜிதா. முதலில் யார் தேய்த்தது என்று தெரியட்டும், அரைகுறையாகச் சொன்னால் நம்பமாட்டார் என்றார் பால்வண்ணநாதன். சொல்லும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஸ்கூட்டரின் பின்னால் முகத்தில் தூறல் அடிக்க உட்கார்ந்திருந்தபோதுதான், உண்மையான காரணம் வேறு என்று அவருக்கே பட்டது. பழியில் பாதியைத் தூக்கிக்கொள்ள அவருக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. கத்தியைத் தேய்த்த அந்த ஒருத்தர்.

குற்றாலத்தில் வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். குளிக்க வந்தவர்கள் தலையில் எண்ணெய் வழிய, செய்வதறியாமல் நேந்திரம் சிப்ஸ் வாங்கித் தின்றுகொண்டு சாலையை அடைத்து நின்றார்கள். அந்தக் கூட்டத்தைக் கடந்து ஐந்தருவி சாலைக்கு வரும்போது மணி இரண்டே முக்கால். விஜய்பாண்டி வீட்டில் இல்லை. வக்கீலைப் பார்த்துவிட்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாராம். அவர் மனைவி உமா மகேஸ்வரி இருந்தாள்.

பால்வண்ணநாதன் சுற்றி வளைக்காமல், ஆயுத பூஜைக்கு இந்தக் கத்தியைத் தேய்த்தது யார் என்று கேட்டார்.

அவள் ஒளிக்கவில்லை. பூஜைக்கு முந்தின நாள் அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் கடையம் போயிருந்தாள். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில். ஆயுதங்களைத் தேய்த்து வைக்கும்படி மீரானிடம் போனில் சொன்னாள். வருஷா வருஷம் அவர்தான் தேய்த்துத் துடைத்து வரிசையாக அடுக்கி வைப்பார், அவள் வந்து பொட்டு வைப்பாள். இந்த வருஷம் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற பெரிய கத்தியையும் ஒன்று எடுத்து வைக்கச் சொன்னாள். மாமனார் ஞாபகமாக இருக்கட்டுமே என்று. மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்து பொட்டு வைத்தாள். அவ்வளவுதான்.

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"நான் அடுப்படியில இருந்தேன், அண்ணாச்சி. வெளிய வந்தப்ப, கத்தி மாறிப் போச்சு, இது வேற கத்தின்னு இவுங்க சொன்னாங்க. நாங்க பொட்டு வச்சதுக்கு அப்புறம் யாரோ மாத்திட்டாவ போலன்னு நெனச்சேன். நீங்க வந்து பாத்துச் சொல்லியிருக்கிய. அதுல நான் என்னத்தைக் கேக்க?"

அவள் குரல் இறங்கியது. மீரான் பாவம், அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்று எட்டு நாளாக மனசு அடித்துக்கொண்டே இருப்பதாகச் சொன்னாள்.

பால்வண்ணநாதனுக்கு உள்ளே ஏதோ லேசானது. ஆள் கிடைத்துவிட்டது. மீரான் திருடவில்லை. ஆனால் எண்பது வருஷக் கருப்பைப் புளி போட்டுத் தேய்த்துப் போக்கியது மீரான்தான். ஒரு வார்த்தை யாரிடமாவது கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

"பழம்பொருளைத் தேய்க்கக் கூடாதுன்னு அவருக்குத் தெரியாம போச்சே. யார்ட்டயாவது கேட்டிருக்கலாம்."

உமா மகேஸ்வரி அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"கேட்டாரே. நான் சொன்னவுடனே அவர் தேய்க்கலை. அக்கா, இது பழசு, தெரிஞ்சவங்கட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தேய்க்கேன்னுட்டார். கேட்டுட்டுத் திரும்பக் கூப்பிட்டு, தேய்க்கலாம்னு சொல்லிட்டாவன்னார்."

"யாரு சொன்னா?"

"நீங்கதான், அண்ணாச்சி. தென்காசி அண்ணாச்சியே சொல்லிட்டாவன்னாரே."

 அப்படி ஒரு போன் தனக்கு வந்ததாக நினைவில்லை என்று சொல்ல வாயெடுத்தார் பால்வண்ணநாதன். அதற்குள் சாஜிதா தன் பையைத் திறந்து போன் நோட்டை எடுத்துவிட்டாள். நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு போனையும் நேரம், ஊர், கேள்வி, பதில் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இன்சூரன்ஸ் காலத்துப் பழக்கம். எழுதாத நாளில் அவளுக்கு அரை மணி நேரம் புத்திமதி கிடைக்கும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாஜிதா லீவு. கசின் நிக்காஹ். அன்றைய பக்கம் பச்சை மையில் இருந்தது. அந்த அலுவலகத்தில் பச்சை மை பேனா ஒருவரிடம்தான் உண்டு.

பக்கத்தை அவள் வாசிக்கவில்லை. திருப்பி அவரிடம் நீட்டினாள்.

'11.20. குற்றாலம், வாட்ச்மேன். பழைய கத்தியைப் பூஜைக்குத் தேய்க்கலாமா? — முகம் தெரிகிற மாதிரித் தேய் என்றேன்.'

நினைவு வந்தது. முழுதாக, ஒன்றுவிடாமல் வந்தது. பூஜைக்காகத் தன் பூதக்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார் அன்று. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தார். அந்தப் பக்கம் ஒரு மரியாதையான குரல், பழைய கத்தி அண்ணாச்சி என்று ஆரம்பித்து ஏதோ விளக்கப் பார்த்தது. யாரோ வாட்ச்மேன், தேங்காய் வெட்டுகிற கத்தியாக இருக்கும் என்று நினைத்து, எந்தக் கத்தி என்று ஒரு கேள்வி கேட்காமல், முகம் தெரிகிற மாதிரித் தேய்யா என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அதே கத்தியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, முகம் தெரியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். சொன்னபோது எதிரே மீரான் நின்றிருந்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், தலையைக் குனிந்தார். அதைத்தான் பால்வண்ணநாதன் குற்ற உணர்ச்சி என்று எழுதியிருந்தார்.

சாஜிதா ஏதாவது சொல்லமாட்டாளா என்று பார்த்தார். கேலியாக, குத்தலாக, எப்படியாவது. அவள் நோட்டை மூடிப் பையில் வைத்து, "மணி மூணேகால்" என்று மட்டும் சொன்னாள்.

*

காவல் நிலைய வாசலில் விஜய்பாண்டி அப்போதுதான் காரிலிருந்து இறங்கிக் குடையை விரித்துக்கொண்டிருந்தார். கையில் கோப்பு. பால்வண்ணநாதன் நனைந்துகொண்டே போய் அவர் முன்னால் நின்று, கத்தி அசல் என்றும், மாற்றப்படவில்லை என்றும், தன் மூன்று காரணங்களும் தப்பு என்றும் சொன்னார். உருக்குக் கோட்டையும் குங்குமத்தையும் காட்டினார்.

விஜய்பாண்டி கெட்டிக்காரர். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை.

"அப்போ தேச்சது மீரான். திருடலைன்னாலும் நாசமாக்கிட்டான்ல? யார்ட்டயும் கேக்காம எங்க அப்பா பொருளை இப்படிப் பண்ணலாமா? அதுக்கு ஒரு கம்ப்ளைண்ட் கொடுக்கணும்."

அந்த இடத்தில் ஒரு வழி திறந்துதான் இருந்தது. பச்சை மைப் பக்கத்தைப் பற்றித் தெரிந்தது சாஜிதாவுக்கும், சொன்னாலும் கணவரிடம் மெதுவாகச் சொல்லப் போகிற உமா மகேஸ்வரிக்கும் மட்டும்தான். ஒரு நிமிஷம் பேசாமல் நின்றால் போதும். ஆமாம், படிக்காத ஆள், தெரியாமல் செய்துவிட்டார், மன்னித்து விடுங்கள் என்று பெரிய மனுஷனைப் போலச் சிபாரிசுகூடச் செய்யலாம். அந்த யோசனை தனக்கு வந்தது என்பதே பால்வண்ணநாதனுக்கு அருவருப்பாக இருந்தது. சாஜிதா ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றாள். பையைத் திறக்கவில்லை. அதை அவரே செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

அவர் திரும்பி நடந்து போய், கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டு வந்தார்.

"கேட்டாரு. என்கிட்ட கேட்டாரு. நான்தான் தேய்க்கச் சொன்னேன். சொன்னதையும் மறந்துட்டு, அவரைத் திருடன்னு சொன்னேன்."

விஜய்பாண்டி குடைக்கு அடியில் அந்த ஒரு வரியை ரொம்ப நேரம் வாசித்தார். திட்டுவார் என்று காத்திருந்தார் பால்வண்ணநாதன். அவர் திட்டவில்லை. கோப்பிலிருந்து புகாரை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இப்போ இது என்ன பெறும்?"

"சேகரிக்கிறவங்க கையில எடுத்துப் பாப்பாங்க. பாத்துட்டு வச்சிருவாங்க. மீன் நறுக்க ஆகும்."

"ஆறு வருஷம் என் வீட்டுச் சாவி அவன் இடுப்புல இருந்துச்சு, அண்ணாச்சி. நீங்க சொன்ன அஞ்சு நிமிஷத்துல புடுங்கிட்டேன்." அவர் கார்க் கதவைத் திறந்தார். "நீங்க தப்பாச் சொன்னிய. நான் ஏன் நம்புனேன்னு இருக்கு எனக்கு. அவன் மூஞ்சியில இன்னைக்கு என்னால முழிக்க முடியாது. நீங்க போங்க."

*

விஜய்பாண்டியின் குடைக்கு அடியில் கோப்பின் மேல் வைத்து எழுதிய புதிய சான்றிதழ் பால்வண்ணநாதனின் சட்டைப் பையில் இருந்தது. வடகரையில் தெருவுக்குள் ஸ்கூட்டர் நுழைந்தபோது அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மீரான் வீட்டைக் கேட்ட கடைக்காரர், கத்தி கேஸ் மீரானா என்று திருப்பிக் கேட்டார். எட்டு நாளில் ஊருக்குள் அப்படி ஒரு பெயர் விழுந்திருந்தது.

கதவைத் திறந்தது மீரானின் மனைவி சைதூன் பீவி. சாஜிதா சலாம் சொன்னாள். பின்னால் நிற்பவர் யாரென்று தெரிந்ததும் சைதூன் பீவி பதில் சலாமைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். மீரான் உள்ளேயிருந்து வந்தார். வந்தவரை நிற்க வைக்கக் கூடாது என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த நாற்காலியில் உட்கார பால்வண்ணநாதனால் முடியவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். போன் நோட்டை, பச்சை மையை, குங்குமத்தை. சொல்லி முடித்துவிட்டு, எட்டு நாளாகத் தன்னைக் குடைந்திருக்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்டார்.

"அன்னைக்கு அங்கனயே சொல்லியிருக்கலாமே. நீங்கதான தேய்க்கச் சொன்னீங்கன்னு."

மீரான் சங்கடப்பட்டார். அன்றைக்குப் பட்ட அதே சங்கடம். அதே போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அத்தன பேர் முன்னால எப்படிச் சொல்ல, அண்ணாச்சி? உங்களுக்கு மரியாதைக் குறைச்சலாப் போயிரும்லா. மறந்துருப்பீய, ஞாபகம் வந்ததும் நீங்களே சொல்லிருவீயன்னு இருந்தேன். இன்னைக்கு வருவீய, நாளைக்கு வருவீயன்னு…"

 பால்வண்ணநாதன் பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினார். போலீஸ் சான்றுக்கு இனி எந்தத் தடையும் இல்லை, புகார் கொடுக்கப்படவே இல்லை என்றார். மீரான் வாங்கக் கையை நீட்டினார். அதற்குள் சைதூன் பீவி முன்னால் வந்தாள்.

"எனக்கும் எழுத்துக் கூட்டத் தெரியும். இவுகளுக்கும் தெரியும். ஆனா நீங்க வாசிங்க."

"சைதூன், விடு" என்றார் மீரான்.

"வாசிக்கட்டும். அங்க பத்துப் பேர் கேக்கத்தானே சொன்னாவ. இங்கன தெருவுல நின்னு வாசிக்கட்டும்."

பால்வண்ணநாதன் படியிறங்கித் தெருவில் நின்றார். தூறல் நின்றிருந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தொழுகை முடிந்து வந்தவர்களில் நாலைந்து பேர் நின்றார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கோர்ட்டில் சாட்சி சொன்னவர், மேடையில் பேசியவர்தான். ஆனால் ஒரே மூச்சில், தாழ்ந்த குரலில் வாசித்து முடித்தார். சீக்கிரம் முடிந்துவிட்டது.

 நிமிர்ந்து பார்த்தார். சாஜிதா தலைத்துணி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சைதூன் பீவி கதவில் சாய்ந்தபடி, அந்தக் கடைக்காரரையும் எதிர்வீட்டு ஜன்னலையும் ஒரு முறை பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"கடைசி வீட்டுக்குக் கேக்கலை. இன்னொரு தடவை."

பால்வண்ணநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். காகிதத்தை நெஞ்சுக்கு நேராக உயர்த்தினார். தெருவின் கடைசி வீட்டைப் பார்த்து, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

"தென்காசி பால்வண்ணநாதன் ஆகிய நான், வடகரை முகம்மது மீரான் அவர்கள்மீது சொன்னது பொய்."